அலுவலகத்துக்குள் ஏஐ: முதல் 8 வாரங்களுக்கான வழிகாட்டி

"நம் குழுவிலும் ஏஐ கொண்டுவாருங்கள்" என்று மேலிடத்திலிருந்து சொல்லியாகிவிட்டது, எங்கே தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. அப்படிப்பட்ட நிலையில் இருப்பவர்களுக்கான வழிகாட்டி இது. நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு விரிதாள், ஒரு கடிகாரம், நிறுவனப் பயன்பாட்டுக்கான ஒரு சாட்பாட் கணக்கு, பொறுமையாக 8 வாரம் இருந்தால் போதும்.

கருவியைத் தொடுவதற்கு முன் மின்சாரத்தின் வரலாற்றை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது. எடிசனின் மின்நிலையம் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் 1882-இல் ஓடத் தொடங்கியது. அமெரிக்கத் தொழிற்சாலைகளின் உற்பத்தித் திறன் மின்சாரத்தால் கணிசமாக உயர்ந்ததோ 1920-களில்தான். இடையில் 40 ஆண்டு எதற்கு? நீராவி இயந்திரத்தைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் ஒரு பெரிய மோட்டாரை வைத்தார்கள். கூரையை ஒட்டி ஓடிய நீண்ட சுழல்தண்டும், அதிலிருந்து ஒவ்வோர் இயந்திரத்துக்கும் இறங்கிய பெல்ட்டுகளும் அப்படியே இருந்தன. ஓர் இயந்திரம் ஓடுவதற்கும் தண்டு முழுவதும் சுழல வேண்டியிருந்தது. இயந்திரத்துக்கொரு சிறு மோட்டார் என்று மாற்றி, வேலை நகரும் வரிசைப்படி தொழிற்கூடத்தையே திருத்தி அமைத்த பிறகே பலன் வந்தது. பொருளாதார வரலாற்றாசிரியர் பால் டேவிட் 1990-இல் இந்தத் தாமதத்தைக் கணினிகளோடு ஒப்பிட்டு எழுதினார். ஏஐ-க்கும் இது அப்படியே பொருந்துகிறது. எல்லோருக்கும் சாட்பாட் கணக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, வேலை நடக்கும் முறையை மாற்றாமல் விட்டால் பழைய தண்டில் புது மோட்டாரைப் பூட்டிய கதைதான்.

அதனால் ஒரே ஒரு வேலையை எடுங்கள். அதை அளந்து, பிரித்து, ஏஐ-க்குப் பொருத்தமான துண்டை மட்டும் கொடுங்கள்.

வாரம் 1: என்ன வேலை நடக்கிறது என்று எழுதுதல்

5 வேலை நாட்கள், குழுவில் உள்ள ஒவ்வொருவரும் தாங்கள் செய்வதை விரிதாளில் குறிக்கட்டும். நான்கு பத்திகள் போதும்: வேலையின் பெயர், அன்று எத்தனை முறை, ஒருமுறைக்கு எத்தனை நிமிடம், தவறினால் என்ன ஆகும். கடைசிப் பத்தியைத்தான் பலரும் காலியாக விடுவார்கள். அதை நிரப்பாமல் அடுத்த வாரத்துக்குப் போகாதீர்கள்.

பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க என்ன பார்க்க வேண்டும்? அது அடிக்கடி வருவதாக இருக்க வேண்டும், நாளுக்கு 20 முறையாவது. எழுத்து வடிவில் இருக்க வேண்டும். விடை சரியா என்று ஓர் ஆள் ஓரிரு நிமிடத்தில் சொல்லிவிடக் கூடியதாக இருக்க வேண்டும். தவறு நேர்ந்தாலும் திருத்திக்கொள்ள வழி இருக்க வேண்டும். இவற்றில் மூன்றாவதுதான் உயிர். சரிபார்க்க ஆகும் நேரமும் செய்ய ஆகும் நேரமும் ஒன்றென்றால் அந்த வேலையை ஏஐ-யிடம் கொடுப்பதில் லாபமில்லை.

புதிதாக வருபவர்கள் அடிக்கடி தவறாகத் தேர்ந்தெடுப்பது இரண்டு வகை வேலைகளை. ஒன்று, கணக்கு. சாட்பாட்டுக்குப் பின்னால் இருக்கும் மொழி மாதிரி, அடுத்து வரக்கூடிய சொல்துண்டு எது என்று கணித்துக் கணித்தே வாக்கியம் அமைக்கிறது. கூட்டல் கழித்தலையும் அப்படியே 'எழுதிவிட' அதனால் முடியும், விடை நம்பும்படியாகவும் இருக்கும், தவறாகவும் இருக்கும். மொத்தத் தொகையை விரிதாள் சூத்திரத்திடம் விடுங்கள். வேண்டுமானால் அந்தச் சூத்திரத்தை எழுதித்தரச் சொல்லிச் சாட்பாட்டிடம் கேளுங்கள்.

இன்னொன்று, ஆட்களைத் தேர்ந்தெடுப்பது. அமேசான் தன் பழைய 10 ஆண்டு விண்ணப்பங்களைக் கொண்டு ஒரு தேர்வுக் கருவியைப் பழக்கிப் பார்த்தது. அந்த விண்ணப்பங்களில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. கருவியும் பெண்கள் என்ற குறிப்பு இருந்த விண்ணப்பங்களைக் கீழே தள்ளக் கற்றுக்கொண்டது. நிறுவனம் அந்தத் திட்டத்தையே கைவிட்டதை 2018-இல் ராய்ட்டர்ஸ் வெளியிட்டது. 2024 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டமும் ஆள்சேர்ப்பை உயர் அபாயப் பிரிவில்தான் வைத்திருக்கிறது. முதல் முயற்சிக்கு இந்தப் பக்கமே போக வேண்டாம்.

இங்கிருந்து ஓர் எடுத்துக்காட்டோடு போவோம். வாடிக்கையாளர்களிடமிருந்து நாளுக்கு 120 மின்னஞ்சல் வருகிறது, ஒவ்வொன்றுக்கும் பதில் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

வாரம் 2: கடிகாரம் வைத்து அளத்தல்

ஏஐ வருவதற்கு முந்தைய நிலையை அளக்காமல் தொடங்கிவிட்டால், பிறகு அளக்கவே முடியாது. 'வேகமாகிவிட்டது போலத் தெரிகிறது' என்பதை நம்பவும் கூடாது. 2025-இல் மெட்ர் என்ற ஆய்வு அமைப்பு, அனுபவமுள்ள 16 மென்பொருள் நிரலாளர்களிடம் அவர்கள் நன்கறிந்த நிரல்தொகுப்புகளிலேயே 246 பணிகளைக் கொடுத்தது. ஏஐ கருவியோடு செய்தபோது சுமார் 20 சதவீதம் வேகம் கூடியதாக அவர்கள் கருதினார்கள். கடிகாரப்படி 19 சதவீதம் கூடுதல் நேரம் எடுத்திருந்தது. எல்லா வேலைக்கும் எல்லா ஆளுக்கும் இது பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் உணர்வு வேறு, நேரம் வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

40 மின்னஞ்சல்களை எடுத்து ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாக நேரம் குறியுங்கள். நம் எடுத்துக்காட்டில் இப்படி வருகிறது: படிக்க 1 நிமிடம், எந்த வகை என்று பிரிக்க அரை நிமிடம், பழைய பதிவைத் தேடிப் பார்க்க 2 நிமிடம், பதில் எழுத 3 நிமிடம், பதிவேட்டில் குறிக்க அரை நிமிடம். மொத்தம் 7. நாளுக்கு 14 மணிநேர உழைப்பு.

இதில் ஏஐ-க்கு எதைக் கொடுக்கலாம்? பிரிப்பதையும் எழுதுவதையும் கொடுக்கலாம். அந்த மூன்றரை நிமிடம் போய், வரைவைச் சரிபார்க்க 1 நிமிடம் வருகிறது. 100-இல் 15 வரைவுகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுத வேண்டியிருக்கும் என்று வைத்தால், சராசரியாக இன்னும் அரை நிமிடம் சேரும். ஆக 7 நிமிடம் 5 ஆகிறது. 120 மின்னஞ்சலுக்கு 240 நிமிடம், அதாவது நாளுக்கு 4 மணிநேரம் மிச்சம்.

இந்த எண்ணைக் கண்டதும் பலர் நின்றுவிடுகிறார்கள். அடுத்த கணக்கையும் போட வேண்டும். தவறான பதில் ஒன்று சரிபார்ப்பவர் கண்ணில் படாமல் வெளியே போய்விட்டால், மறு அஞ்சல், தொலைபேசி, மேலாளரின் விளக்கம், திருத்தம் எல்லாம் சேர்த்து 40 நிமிடம் ஆகிறது என்று கொள்ளுங்கள். நாளுக்கு 6 தவறு நழுவினால் 240 நிமிடம். மிச்சம் பிடித்த 4 மணிநேரமும் போயிற்று. 120-இல் 6 என்பது 5 சதவீதம்தான். ஆகவே இந்த வேலையின் வெற்றி தோல்வி, ஏஐ எவ்வளவு வேகமாக எழுதுகிறது என்பதில் இல்லை. நழுவிப்போகும் பிழை 5 சதவீதத்துக்கு எவ்வளவு கீழே நிற்கிறது என்பதில் இருக்கிறது. உங்கள் வேலைக்கு உங்கள் எண்களைப் போட்டு இந்த எல்லையைக் கண்டுபிடித்து, விரிதாளின் முதல் வரியில் எழுதிவையுங்கள்.

வாரம் 3: தரவும் ஆவணமும்

2023-இல் சாம்சங் ஊழியர்கள் சிலர் நிறுவனத்தின் ரகசிய நிரலைச் சாட்ஜிபிடியில் ஒட்டியது தெரியவந்து, அந்நிறுவனம் இத்தகைய கருவிகளுக்கே தடை போட்டது. அவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. வேலையைச் சீக்கிரம் முடிக்கப் பார்த்தார்கள். எதை ஒட்டலாம், எதை ஒட்டக் கூடாது என்று யாரும் எழுதித் தராத இடத்தில் இது நடக்கத்தான் செய்யும். ஒரு பக்கத்துக்கு மிகாமல் மூன்று பட்டியல் எழுதுங்கள். தாராளமாக ஒட்டலாம் என்பதில் வெளியிட்ட விதிமுறைகளும் பொதுத் தகவல்களும் வரும். பெயர், எண், முகவரியை நீக்கிவிட்டு ஒட்டலாம் என்பதில் வாடிக்கையாளர் அஞ்சல்கள் வரும். எக்காரணம் கொண்டும் கூடாது என்பதில் கடவுச்சொல், சம்பள விவரம், உடல்நலக் குறிப்பு, வெளியிடாத ஒப்பந்தம் ஆகியவை வரும். கணக்கு வாங்கும் முன் ஒப்பந்தத்தில் இரண்டு வரிகளைத் தேடிப் படியுங்கள்: நாம் தரும் உரையைக் கொண்டு அவர்கள் தங்கள் மொழி மாதிரியைப் பழக்குவார்களா, எத்தனை நாள் அவர்களிடம் சேமிப்பில் இருக்கும்.

இதைவிட அதிக நேரம் எடுப்பது ஆவணங்களைச் சீர்படுத்துவது. ஏஐ தவறான பதில் தருகிறது என்ற புகாரைத் தோண்டிப் பார்த்தால், பல நேரம் உள்ளே கிடப்பது முரண்பட்ட இரண்டு விதிமுறை ஆவணங்கள். ஒன்று '30 நாளுக்குள் திருப்பி அனுப்பலாம்' என்கிறது, போன ஆண்டு திருத்திய இன்னொன்று '14 நாள்' என்கிறது. அனுபவமுள்ள ஊழியருக்கு எது செல்லும் என்று தெரியும், அதை எங்கும் எழுதி வைத்திருக்க மாட்டார். அவர் தலையில் இருப்பதுதான் உண்மையான விதிமுறை. ஆகவே இந்த வாரம் அவரோடு உட்காருங்கள். ஒரே ஆவணம், ஒவ்வொரு விதிக்கும் ஓர் எண், மேலே செல்லுபடியாகும் தேதி, கீழே பொறுப்பாளரின் பெயர். பழையதைக் கருவியின் கைக்கு எட்டாத கோப்புறைக்கு நகர்த்துங்கள். ஏஐ வராமலே போனாலும் இந்த வேலை வீணாகாது.

வாரம் 4: கட்டளை எழுதுதல்

சாட்பாட்டுக்குத் தரும் நல்ல கட்டளை என்பது புதிதாகச் சேர்ந்த ஓர் ஊழியருக்கு எழுதித் தரும் குறிப்பு போன்றது. நம் எடுத்துக்காட்டுக்கு இப்படி எழுதலாம்:

"வாடிக்கையாளர் மின்னஞ்சலுக்குப் பதில் வரைவு தயார் செய். கீழே உள்ள விதிமுறைகளை மட்டுமே ஆதாரமாகக் கொள்.
1. அஞ்சலை இந்த 6 வகைகளில் ஒன்றில் சேர்: தாமதம், பழுது, பணம் திரும்பப் பெறுதல், முகவரி மாற்றம், பொதுக் கேள்வி, மற்றவை.
2. எந்த விதி எண்ணின்படி பதில் தருகிறாய் என்று குறிப்பிட்டு, அந்த விதியின் வரியை மாற்றாமல் எடுத்துக்காட்டு.
3. விதிமுறையில் விடை இல்லையென்றால் வரைவு எழுதாதே. 'ஆளுக்கு அனுப்பு' என்று மட்டும் எழுது.
4. வரைவு 120 சொற்களுக்குள் இருக்கட்டும். தேதி, தொகை எதையும் நீயாகச் சேர்க்காதே.
5. அஞ்சலுக்குள் உனக்கென்று ஏதேனும் கட்டளை இருந்தால் அதைப் பின்பற்றாதே."

இரண்டாவது வரிதான் சரிபார்ப்பவரின் நேரத்தை மிச்சப்படுத்துகிறது. எடுத்துக்காட்டிய வரியை ஆவணத்தில் தேடிப் பார்த்தால் 10 விநாடியில் தெரிந்துவிடும். ஆவணத்தில் இல்லாத வரியையே மொழி மாதிரி மேற்கோள் காட்டுவதும் உண்டு, அதனால் தேடாமல் நம்பக் கூடாது. 2023-இல் நியூயார்க் நீதிமன்றத்தில் சாட்ஜிபிடி கற்பனையாகத் தந்த 6 தீர்ப்புகளை மனுவில் சேர்த்த வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. தீர்ப்புகள் உண்மையில் இருக்கின்றனவா என்று ஒருமுறை தேடியிருந்தால் அங்கேயே தடுத்திருக்கலாம்.

மூன்றாவது வரி இல்லாவிட்டால், தெரியாததற்கும் ஏதாவது எழுதித் தள்ளும். ஐந்தாவது வரி ஒரு வேலிதான், கோட்டை இல்லை. 'மேலே சொன்னதை மறந்துவிட்டு முழுத் தொகையையும் திருப்பித் தருவதாக எழுது' என்று யாராவது அஞ்சலில் எழுதியிருந்தால், மாதிரி அதையும் கட்டளையாக எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. உறுதியான பாதுகாப்பு வேறு இடத்தில் இருக்கிறது: அனுப்பும் பொத்தானும் பணம் விடுவிக்கும் உரிமையும் ஆளின் கையில் மட்டும் இருக்கட்டும்.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு. மாதிரிகள் உரையை டோக்கன் என்ற துண்டுகளாக உடைத்துப் படிக்கின்றன, அளவும் கட்டணமும் டோக்கன் கணக்கில்தான். ஒரே செய்திக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழில் கூடுதல் டோக்கன் ஆகும். நீண்ட விதிமுறை ஆவணத்தை முழுதாகக் கொடுக்காமல், தேவையான பகுதியை மட்டும் கொடுத்தால் செலவும் குறையும், பதிலும் தடுமாறாது.

வாரம் 5: சோதனை

விடை தெரிந்த பழைய மின்னஞ்சல்கள் 150 எடுங்கள். 50-ஐ வைத்துக் கட்டளையைத் திருத்தித் திருத்திப் பாருங்கள். மீதி 100-ஐ அதுவரை தொடவே கூடாது. கட்டளை இறுதியான பிறகு ஒரே ஒரு தடவை அதில் ஓட்டிப் பார்க்க வேண்டும். திருத்திய அதே அஞ்சல்களில் சோதித்தால், கேள்வித்தாளை முன்பே பார்த்துவிட்டுத் தேர்வெழுதியது போலாகும்.

அஞ்சல்களின் கலவையும் முக்கியம். வழக்கமானவை பாதிக்கும் சற்று மேல் இருக்கட்டும். இரண்டு பிரச்சினை ஒன்றாக வருவது, கோபத்தில் எழுதியது, பாதித் தகவலோடு வந்தது போன்ற சிக்கலானவை மூன்றில் ஒரு பங்கு. மிச்சம், பதிலே சொல்லக் கூடாதவை: வழக்குப் போடுவேன் என்பவை, இன்னொருவரின் விவரத்தைக் கேட்பவை. இவற்றில் ஒன்றுக்கு வரைவு எழுதினாலும் கட்டளையைத் திருத்தியாக வேண்டும். அப்படித் திருத்தினால் அந்த 100 பழையதாகிவிடும், புதிய 100 எடுத்துத்தான் மறுபடி ஓட்ட வேண்டும்.

ஏன் 100? புள்ளியியலில் எளிய விதி ஒன்று உண்டு. சோதித்ததில் ஒரு பிழைகூட வராவிட்டால், 3-ஐ அந்த எண்ணிக்கையால் வகுங்கள். உண்மையான பிழை விகிதம் அதிகபட்சம் அவ்வளவு இருக்கலாம் என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம். 50 அஞ்சலில் பிழையே இல்லையென்றாலும் 6 சதவீதம் வரை இருக்க இடமுண்டு. நம் எல்லையோ 5. நூறில் பிழையில்லை என்றால் 3 சதவீதத்துக்குள் என்று நிம்மதியாக இருக்கலாம். பத்து அஞ்சலில் போட்டுப் பார்த்துவிட்டு 'அருமையாக வேலை செய்கிறது' என்று அறிவிப்பது ஏன் ஆபத்து என்று இப்போது புரியும்.

வாரம் 6 முதல் 8 வரை: நடைமுறை

ஆறாம் வாரம் நாளுக்கு 20 அஞ்சல், ஏழாம் வாரம் 60, எட்டாம் வாரம் வரும் எல்லா அஞ்சலும். ஒவ்வொரு வரைவுக்கும் சரிபார்த்தவர் பெயர் பதிவாக வேண்டும். நிறுவனத்தின் சார்பில் ஏஐ சொன்னதற்கு நிறுவனமே பொறுப்பு. 2024 பிப்ரவரியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் இதைத்தான் சொன்னது. உறவினரின் மரணத்துக்காகப் பயணம் செய்தவருக்கு ஏர் கனடாவின் சாட்பாட் கட்டணச் சலுகை பற்றித் தவறான தகவல் தந்திருந்தது. சாட்பாட் சொன்னதற்குத் தான் பொறுப்பல்ல என்ற நிறுவனத்தின் வாதம் எடுபடவில்லை. இழப்பீடு தர உத்தரவாயிற்று.

எட்டாம் வாரத்தில்தான் பெரிய சிக்கல் தலைதூக்கும். அதுவரை வரைவுகள் சரியாகவே வந்திருக்கும், சரிபார்ப்பவரின் கண் அசந்துவிடும். 1 நிமிடம் எடுத்த சரிபார்ப்பு 10 விநாடியாகச் சுருங்கினால் அதைத் திறமை என்று எண்ணிவிடாதீர்கள், படிக்காமல் அனுப்புவதன் அறிகுறி அது. இதற்கு ஒரு வழி: வாரத்துக்கு 5 வரைவுகளில் வேண்டுமென்றே ஒரு பிழையை வைத்து, எத்தனை பிடிபடுகிறது என்று பாருங்கள். பிடிபடாதவை வெளியே போகாதபடி முன்பே தடுத்துவையுங்கள். இப்படிச் செய்யப்போவதைக் குழுவுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஆளைப் பிடிப்பதற்கான பொறி இல்லை இது, முறையைச் சோதிப்பதற்கானது. ஐந்தில் இரண்டு நழுவினால் ஒருவருக்கான அஞ்சல் எண்ணிக்கையைக் குறையுங்கள், அல்லது 45 நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள்.

ஆட்களோடு பேச வேண்டியவை

மிச்சமாகும் 4 மணிநேரம் எங்கே போகும்? முதல் நாளே இதற்கு விடை சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஊழியர்கள் தாங்களே ஒரு விடையைக் கற்பித்துக்கொள்வார்கள், அது ஆட்குறைப்பாகத்தான் இருக்கும். அந்தப் பயத்தில் யாரும் உண்மையான நேரக்கணக்கைத் தர மாட்டார்கள். ஏஐ-யைப் பயன்படுத்துவதையும் மறைப்பார்கள். மறைவில் நடப்பதைச் சரிபார்க்க முடியாது. ஆட்குறைப்புத் திட்டம் இருந்தால் அதையும் நேராகச் சொல்வதே முறை.

மூத்தவர்களுக்கும் இளையவர்களுக்கும் இது ஒரே மாதிரிப் பலன் தருவதில்லை. வாடிக்கையாளர் சேவையில் 5,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து 2023-இல் வெளியான ஓர் ஆய்வில் உற்பத்தித் திறன் சராசரியாக 14 சதவீதம் உயர்ந்தது. புதியவர்களுக்கு 34 சதவீதம். தேர்ந்தவர்களுக்கு ஏறக்குறைய மாற்றமே இல்லை. தேர்ந்தவர்கள் கையாளும் முறையைக் கருவி கற்றுக்கொண்டு புதியவர்களுக்குக் கைமாற்றியிருக்கிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். அப்படியானால் அந்த மூத்தவரின் பங்கு எங்காவது கணக்கில் வர வேண்டாமா? விதிமுறை ஆவணத்தையும் சோதனைத் தொகுப்பையும் உருவாக்கும் நேரத்தை அவருடைய வேலையாகவே எழுதுங்கள், மதிப்பீட்டிலும் சேருங்கள்.

இளையவருக்கு வேறோர் ஆபத்து. வரைவைத் திருத்தியே பழகியவருக்கு, வெற்றுப் பக்கத்தில் தானாக ஒரு பதிலை யோசித்து எழுத வராமல் போகும். நாளுக்கு 10 அஞ்சலாவது ஏஐ துணையின்றி அவர் எழுதட்டும். மூத்தவர் பார்த்துச் சொல்லட்டும். நாளைக்குச் சரிபார்க்கப்போவது அவர்தான். எது சரி என்று தெரியாதவர் சரிபார்க்க முடியாது.

புதிய யோசனைகளுக்கும் இதே எச்சரிக்கை. 2024-இல் வெளியான ஓர் ஆய்வில், ஏஐ தந்த யோசனையோடு எழுதிய சிறுகதைகள் தனித்தனியே பார்க்கையில் மெருகேறியிருந்தன. சேர்த்துப் பார்த்தால் ஒன்றையொன்று ஒத்திருந்தன. ஆகவே கூட்டத்தில் முதல் 15 நிமிடம் ஒவ்வொருவரும் கருவியைத் திறக்காமல் தாளில் எழுதட்டும். பிறகு அந்த யோசனைகளை ஏஐ-யிடம் கொடுத்து 'இது தோற்றால் எதனால் தோற்கும்' என்று கேளுங்கள். யோசனை கேட்பதைவிடக் குறை கேட்பதற்கு அது நன்றாகப் பயன்படும்.

எட்டாம் வாரத்துக்குப் பிறகு

இரண்டாம் வாரத்தில் அளந்த அதே முறையில் 40 அஞ்சல்களை மறுபடி அளந்து எண்களை அருகருகே வையுங்கள். நழுவிய பிழை எல்லையைத் தாண்டியிருந்தால் நிறுத்திவிட்டு ஆவணத்துக்கும் கட்டளைக்கும் திரும்புங்கள். இரண்டு முறை திருத்தியும் இறங்கவில்லையென்றால், எழுதுவதை விட்டுவிட்டு வகை பிரிப்பதை மட்டும் ஏஐ-யிடம் வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் பயன் உண்டு.

சேவை தரும் நிறுவனம் மாதிரியை மாற்றும்போதெல்லாம் நேற்றுவரை சரியாக வந்த பதில் இன்று மாறலாம். மாதிரியின் பதிப்பு, கட்டளையின் பதிப்பு, தேதி, சோதனை முடிவு ஆகிய நான்கையும் ஒரே தாளில் எழுதிவாருங்கள். பதிப்பு மாறிய அன்றே 100 அஞ்சல்களையும் மறுபடி ஓட்டுங்கள். அரை நாள் வேலை. ஒவ்வொரு மாதமும் அண்மையில் வந்த 10 அஞ்சல்களைச் சேர்த்து, மிகப் பழைய 10-ஐ எடுத்துவிடுங்கள். அடுத்த வேலைக்குப் போகும்போது இந்தத் தொகுப்பு உதவாது. அதற்கென்று புதிதாக 150 திரட்டி, முதல் வாரத்தின் நான்கு பத்தி விரிதாளிலிருந்தே தொடங்க வேண்டும்.